திரும்பும் வழிக்கு மூட்டை இல்லை

கதவைத் திறந்தவள் தன் இரண்டு கைகளையும் அவருடைய கோட்டுக்குள் விட்டாள். ஜிப்பை ஒரு சாண் இறக்கி, உள்ளங்கைகளை நெஞ்சோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அசையாதீங்க. ஓடிப் போயிடும்."

"எது?"

"குளிரு."

வீட்டுக்காரர் ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் மறு கையில் சைக்கிள் சாவியுமாக வாசலிலேயே நின்றார். தெருக்கோடியிலிருக்கும் குளிர்கிடங்கில் அவர் மெக்கானிக். வேலை முடிந்ததும் அந்தத் தடிக் கோட்டை அங்கேயே மாட்டிவிட்டு வருவதுதான் கிடங்கு வழக்கம். இவர் மட்டும் அதைக் கழற்றாமல், கொளுத்தும் வெயிலில் கழுத்துவரை ஜிப்பை ஏற்றிக்கொண்டு, குளிர் ஆறுவதற்குள் வீடு சேர வேண்டுமென்று சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவார். தெருவில் இருப்பவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, "பொண்டாட்டிக்குப் பார்சல் போகுது" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

"பூமியோட முனைக்குப் போறவங்களுக்கு எதிர்க்காத்து. நெஞ்சுதான் முதல்ல சேதி சொல்லும்" என்பாள். எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டதும் கையை உருவி, ஈரத்தை உதறுவதுபோல ஒரு உதறு உதறிவிட்டு, இஸ்திரி மேசையில் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிடுவாள். அதன் பிறகு அவர் தாராளமாக உள்ளே வரலாம். டீயை அவரே போட்டுக்கொள்ள வேண்டும்.

பிழைப்புக்கு அவளுக்குச் சலவைக்கடை. முன்னால் ஒரு மேடை, மேலே வரிசையாகத் தொங்கும் சட்டைகள். பின்னால் கொதிகலனும், பெருமூச்சு விடும் பெரிய நீராவி இஸ்திரி இயந்திரமும். "நான் வெந்நீர்ப் பானைக்குள்ள குடித்தனம் பண்றவ" என்று தன்னைப் பற்றிச் சொல்வாள். கறை படிந்த துணியை வெளிச்சத்தில் பிடித்து ஒரு பார்வை பார்ப்பாள், முகர்ந்துகூடப் பார்ப்பாள். "இது போகாது. போகும்னு சொல்லி உங்களை நாலு தடவை அலைய விட மாட்டேன்." சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள். அங்கே நாலு தடவை அலைந்துவிட்டு இங்கேயே திரும்பி வருவார்கள். அவளிடமிருந்து ஒரு "அப்பவே சொன்னேன்ல" கூட வராது. புருவம் மட்டும் லேசாக மேலே போகும்.

சிறுவர் வார இதழ் ஒன்றில் அவள் எழுதும் தொடருக்கு 'அத்தையின் கப்பல்' என்று பெயர். யாருக்கும் பயப்படாத அத்தை ஒருத்தி, மூன்று பிள்ளைகளையும் ஒரு நாய்க்கூட்டத்தையும் ஏற்றிக்கொண்டு பூமியின் முனைக்குக் கப்பல் விடுகிறாள். தெருவில் சலவைக்கடை அக்காவாக இருந்தவள், தொடர் ஆரம்பித்த பிறகு துருவத்தம்மா ஆகிவிட்டாள்.

துருவத்தம்மா பனியைப் பார்த்ததில்லை. பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிய காகிதக் கட்டில், அட்டை போன தடித்த புத்தகம் ஒன்று வந்தது. பனிக்கடலுக்குக் கப்பல் கொண்டுபோன ஒரு தலைவர் எழுதிய பயணக் குறிப்பு. கடை ஓய்ந்த மத்தியானம் ஒன்றில் புரட்ட ஆரம்பித்தவள், மடிக்க வேண்டிய பொட்டலங்களை மறந்தாள். அம்மாக்களோடு கடைக்கு வந்து மேடையில் காலாட்டிக்கொண்டு அழும் குழந்தைகளுக்கு அதிலிருந்து ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். வாடிக்கையாளர் ஒருவர் சொல்லிச் சொல்லி அது இதழுக்குப் போனது.

புத்தகத்தில் மாலுமிகளின் சட்டைகள் உறைந்து நின்றன. அவள் கதையில் அத்தை கப்பல் மேல்தளத்தில் துணி உலர்த்த, எல்லாச் சட்டையும் கஞ்சி போட்டதுபோல விறைத்து, கையை விரித்துக்கொண்டு, ஆளில்லாமலே வரிசையில் நின்று காவல் காத்தன. புத்தகத்தில் வானத்தில் பச்சை வெளிச்சம் வந்தது. அவள் கதையில் யாரோ வானத்துக்கொடியில் அலசிய துணியைப் பிழியாமல் போட்டிருந்தார்கள், அது சொட்டிக்கொண்டேயிருந்தது. கப்பலின் விலாவைப் பனி நெரிக்கும் சத்தத்தைத் தலைவர் இடிமுழக்கம் என்று எழுதியிருந்தார். அவளுக்கு அது போதவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, 'பல்லில்லாத பெரியப்பா ரொட்டியின் ஓரத்தைச் சவைக்கிற சத்தம்' என்று எழுதினாள். அதைப் படித்த பிள்ளைகள் வீட்டிலிருக்கும் பெரியப்பாக்களின் வாயருகே காதை வைத்துப் பார்த்ததாகச் செய்தி வந்தது.

இப்படியெல்லாம் எழுதினாலும் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. அத்தையும் பிள்ளைகளும் கற்பனை. குளிர், பனி, மிருகம், சாப்பாடு நான்கும் நிஜம். "மனுஷங்களைப் பத்தி எவ்வளவு வேணாலும் அளக்கலாம். பனியைப் பத்திப் பொய் சொன்னா, நாளைக்கு எந்தப் பிள்ளையாவது நிஜமாவே அங்க போயி மாட்டிக்கும்."

அந்தச் சட்டத்தால் ஒருநாள் கிடங்கில் பெரிய கலவரமே ஆகிவிட்டது. இரும்புக் குவளையில் ஒருவனுடைய உதடு ஒட்டிக்கொண்டது என்று புத்தகத்தில் படித்தவள், அவருக்குச் சாப்பாடு கொடுக்கும் சாக்கில் கிடங்குக்குள் நுழைந்து, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் இரும்பு அலமாரியில் நாக்கை வைத்துவிட்டாள். "ம்ம்ம்" என்று ஒரு சத்தம். கறிப் பொட்டலங்களுக்கு நடுவே மனைவி நாக்கை நீட்டிக்கொண்டு குனிந்து நிற்பதைப் பார்த்தவருக்கு உயிரே போய்விட்டது. வெதுவெதுப்பான டீயை ஊற்றித்தான் விடுவிக்க வேண்டியிருந்தது. சுமை தூக்குபவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நாக்கு வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "சுடுதுங்க! குளிரு சுடுது! இதை யாருமே எழுதலையே!"

எழுதுவதிலும் அவளுக்கு ஒரு முறை இருந்தது. வாரத்துக்குப் புத்தகத்தில் ஒரு பகுதிதான் படிப்பாள். அதிலிருந்து அந்த வாரத்துக் கதையை எழுதுவாள். துணிக்குக் கட்டும், எண் போட்ட பித்தளை வில்லை ஒன்றை அடையாளமாக வைத்து மூடிவிடுவாள். ஒரு வரி கூட முன்னால் போகமாட்டாள். "நடக்கிறவங்களுக்கு அடுத்த அடிதான் தெரியும். எனக்கு முன்னாடியே தெரிஞ்சா, தெரிஞ்ச மூஞ்சியோட எழுதுவேன். பிள்ளைங்க கண்டுபிடிச்சிடும்."

வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர். மாத்திரைப் பெட்டிக்குள் வரும் காகிதத்தைக்கூட அடியிலிருந்துதான் ஆரம்பிப்பார். "கடைசியில என்ன ஆகும்னு தெரியாம நான் எதிலயும் இறங்க மாட்டேன்" என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னார்.

"அப்ப என்னை எப்படிக் கட்டிக்கிட்டீங்க?"

"அது எங்க அப்பா இறக்கிவிட்டது."

எல்லாம் மூட்டையில்தான் ஆரம்பித்தது. தொடரின் முதல் வாரத்திலேயே, புத்தகத்தில் இருந்தபடி சாமான்களை எண்ணிக் கப்பலில் ஏற்றினாள். மாவு, எண்ணெய், நாய்களுக்கு உலர்ந்த மீன் மூட்டை. இதழில் அந்த மீன் மூட்டைகளை வரிசையாகப் படம் போட்டார்கள். வாரா வாரம் கதையில் தீர்ந்த மூட்டைக்குப் பிள்ளைகள் வண்ணம் அடிக்க வேண்டும். வீடு வீடாகச் சுவரில் அந்தப் படம் ஒட்டியிருந்தது.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அவரிடம் கேட்டாள். "ஏங்க, போறதுக்கு நாய்க்கு மீன் இருக்கு. முனையில இருந்து திரும்பி வர்றப்ப என்ன போடுவாங்க? வீடு வரைக்கும் மூட்டை பத்தலையே."

"எழுத மறந்திருப்பான்."

"ஆணி முதற்கொண்டு எழுதியிருக்கான். நாய்க்குச் சோறு எழுத மறப்பானா?"

நாய் என்றால் பொதுவாக நாய்கள்தான். ஆனால் அவளுக்கும், இதழைப் படித்த அத்தனை பிள்ளைகளுக்கும் நாய் என்றால் ஒத்தைக்காது. ஒரு காது பாதி கிழிந்த நாய். பனிச்சறுக்கு வண்டியை முன்னால் நின்று இழுக்கும். தூங்கும்போது முன்னங்காலால் மூக்கை மூடிக்கொள்ளும். அத்தையின் இடதுகைக் கையுறையை மட்டும் திருடும். இதில் ஒன்றும் அவள் இட்டுக்கட்டியதில்லை. காது, மூக்கு, கையுறை அத்தனையும் தலைவரின் குறிப்பிலேயே இருந்தன. தலைவர் அந்த நாயைத் தன் தூக்கப்பைக்குள் படுக்க வைத்துக்கொண்டவர்.

மூட்டைக் கேள்வி வீட்டுக்காரரின் மண்டைக்குள் புகுந்துகொண்டது. மறுநாள் அவள் துணி கொடுக்கப் போயிருந்த நேரத்தில் புத்தகத்தை எடுத்தார். கடைசிப் பக்கம். தலைவர் ஊர் திரும்பியிருந்தார். ஆட்கள் திரும்பியிருந்தார்கள். நாய் ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து முன்னால் புரட்டிக்கொண்டே வந்தார்.

'இன்று காலை நாய்களின் கணக்கை முடித்தோம். ஒற்றைக்காதனை நானே அழைத்துப் போனேன். வாலை ஆட்டிக்கொண்டு கூடவே வந்தான். உணவு எல்லோருக்கும் திருப்தி. கறி நாங்கள் பயந்த அளவுக்கு முரடாக இல்லை.'

அடுத்த வரி இன்னும் மோசம். 'இது வழியில் எடுத்த முடிவல்ல. ஒவ்வொரு நாயும் முதலில் இழுக்கும், பிறகு உணவாகும் என்று புறப்படும் முன்பே திட்டமிட்டிருந்தோம்.'

வீட்டுக்காரர் புத்தகத்தை மடியில் வைத்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. பாதி வயசு கறிக்கிடங்கில் கழித்தவர் அவர். சாவுக்கும் கறிக்கும் புதியவரல்ல. ஆனால் அந்த வால் அவரை விடவில்லை. முன்பே தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டேதான் தடவிக்கொடுத்திருக்கிறான், பைக்குள் படுக்க வைத்திருக்கிறான், கையுறையைத் திருடியதைச் சிரித்துச் சிரித்து எழுதியிருக்கிறான். அன்று சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றுவலி என்றார். அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். மறுநாள் கிடங்கில் தொங்கிய உருப்படிகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே நடந்தார். எதிரில் வந்த தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டார்.

அவளிடம் சொல்லலாமா? சொன்னால், முன்னால் தெரிந்துகொள்ளமாட்டேன் என்ற அவளுடைய சட்டம் உடையும். சொல்லாவிட்டால் தானே ஒருநாள் அங்கே வந்து சேருவாள். சொல்வதற்கும் சொல்லாததற்கும் நடுவில் ஒரு வழி அவருக்குத் தோன்றியது. அந்தக் குறிப்பு இருந்த எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டிவிட்டார்.

கிடங்குக் கதவின் ரப்பரை ஒட்ட அவர் வைத்திருந்த பசைதான். எந்தக் குளிரிலும் விடாது. அவருடைய இருபது வருஷ அனுபவத்தில் ஒரு கதவும் பிளந்ததில்லை. ஒட்டி, மேலே ஒரு இஸ்திரிப்பெட்டியைப் பாரம் வைத்து, காய்ந்ததும் விரலால் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். அது வெந்நீர்ப் பானைக்குள் குடித்தனம் பண்ணுகிறவளின் புத்தகம் என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு அவர் பாடு முள்மேல் உட்கார்ந்த பாடு. வாரா வாரம் அவள் அந்த நாயை உயர்த்திக்கொண்டே போனாள். ஒத்தைக்காது பனிப்பிளவைக் கண்டுபிடித்துக் கடைசிப் பிள்ளையைக் காப்பாற்றியது. ஒத்தைக்காது அத்தைக்குக் கையுறையைத் திருப்பிக் கொடுத்தது. கடையில் துணி மடிக்கும் பெண்ணை எல்லோரும் மடிப்பக்கா என்பார்கள். அவள் ஒருநாள் சொன்னாள்: "எங்க வீட்டுப் பிள்ளைங்க தட்டுல அந்த நாய்க்குன்னு ஒரு வாய் ஒதுக்கி வெக்குதுக்கா. எடுத்தா அழுகை. கடைசியில நான்தான் ஒத்தைக்காதா மாறி அதைத் தின்னு தொலைக்கிறேன்." கொதிகலன் அருகே நின்றிருந்த வீட்டுக்காரர் கசியாத குழாயை முடுக்க ஆரம்பித்தார்.

பிறகு ஒருநாள் கிடங்கின் டீ அறையில் புது இதழைப் பிரித்தவருக்கு டீ புரையேறிவிட்டது. கதைக்குக் கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். 'ஒத்தைக்காது வீட்டுக்கு வருமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வரும். இது அத்தையின் சத்தியம்.'

அன்று மாலை கோட்டுக்குள் கை விட்டவள் கண்ணைத் திறந்தாள். "என்ன, நெஞ்சு இப்படி அடிச்சுக்குது?"

"வேகமா மிதிச்சேன்ல."

"மெதுவா வாங்க. குளிரு போனாப் போகட்டும், நீங்க போயிடாதீங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குட்டு உடைந்த நாளில் அவர் கடையில்தான் இருந்தார். நீராவி இயந்திரத்தில் கசிவு. அடியில் படுத்துக்கொண்டு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் தரையும், கூடைகளும், அவளுடைய செருப்புக் கால்களும்தான் தெரியும். கால்கள் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தன. மத்தியான ஓய்வு. கொதிகலனுக்கு மேலிருந்த பலகையிலிருந்து அவள் புத்தகத்தை எடுக்கும் சத்தம் கேட்டது.

"என்னடி இது, பக்கம் மட்டும் பிசுபிசுன்னு உரிஞ்சு வருது?" என்றாள் மடிப்பக்காவிடம்.

இயந்திரத்தின் அடியில் வீட்டுக்காரரின் கை நின்றது. குளிருக்கு விடாத பசை சூட்டுக்கு இளகும் என்பது, மெக்கானிக்கான அவருக்கு, அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது.

செருப்புக் கால்கள் நின்றன. ஒரு கால் லேசாகத் தூக்கியபடி, குதிகால் தரையைத் தொடாமல், அப்படியே நின்றது. கொதிகலன் மட்டும் மூச்சு விட்டது.

"என்னக்கா? என்ன எழுதியிருக்கு?"

மடிப்பக்காவின் கால்கள் கிட்டே வந்தன.

"அக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சு. உட்காருங்க. என்னக்கா?"

அவள் படித்தாள். துணி ரசீது படிக்கிற குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், முதல் வரியிலிருந்து. 'வாலை ஆட்டிக்கொண்டு கூடவே வந்தான்' என்ற இடத்தில் மடிப்பக்கா "ஐயையோ" என்றாள். 'கறி நாங்கள் பயந்த அளவுக்கு' என்ற இடத்தில் மடித்து வைத்திருந்த துணிக்கட்டு சரிந்து விழுந்தது. அதை எடுக்க யாரும் குனியவில்லை.

"ஏங்க." சத்தமாக அழைக்கவில்லை.

"இதோ, இந்த நட்டை மட்டும்..."

"நட்டு கிடக்கட்டும். வெளிய வாங்க."

தவழ்ந்து வெளியே வந்தார். முழங்காலெல்லாம் கரி. அவள் பக்கத்தின் ஓரத்திலிருந்து பசையை விரலால் உருட்டியெடுத்து, கறையை முகர்வதுபோல முகர்ந்தாள். பிறகு அவர் சட்டைக் கையை இழுத்து அதையும் முகர்ந்தாள்.

"நீங்களா?"

"நீ அழுவேன்னு..."

"அழுதா என்ன? துணி துவைக்கிறவளுக்குத் தண்ணி புதுசா?"

"நானே அன்னிக்குச் சாப்பிடல. வயித்துவலின்னு சொன்னேனே..."

"வெந்நீர் வெச்சுக் கொடுத்தேனே நானும், மடச்சி மாதிரி!" குரல் இப்போதுதான் உடைந்தது. "அவன் பண்ணினது அவனோட. அவன் ஊரு, அவன் பசி. நீங்க? தெரிஞ்சு வெச்சிக்கிட்டு என்னை அத்தனை பிள்ளைங்க முன்னாடி சத்தியம் பண்ண விட்டீங்களே! அவன் அந்த நாயைத் தடவினதுக்கும், நீங்க தினம் வந்து நெஞ்சைக் காட்டிட்டு நின்னதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

அவர் அடி வாங்கியவர்போல ஸ்பானரைப் பிடித்தபடி நின்றார். அவளோடு இத்தனை வருஷம் வாழ்ந்ததில் இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை. மடிப்பக்கா மெதுவாக முன்பக்கம் போய், வராத வாடிக்கையாளருக்காக மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து அவள் அவரிடம் நேராகப் பேசவில்லை. பாத்திரத்தோடு பேசினாள். "சாப்பாடு மேசையில இருக்கு, வேணுங்கறவங்க போட்டுக்கலாம்" என்று கரண்டியிடம் சொன்னாள். புத்தகம் வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில், பட்டாணிப் பைக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. எடுத்துப் படிப்பாள், மறுபடி அங்கேயே வைப்பாள். சட்டத்தை விட்டுவிட்டு முதன்முறையாக முன்னால் ஓடி, கடைசிவரை படித்துக்கொண்டிருக்கிறாள் என்பது, பித்தளை வில்லை தினமும் இடம் மாறியதிலிருந்து அவருக்குப் புரிந்தது. மாலைகளில் அவர் வழக்கம்போலக் கோட்டோடு வந்து வாசலில் நின்றார். யாரும் வரவில்லை. கோட்டுக்குள் குளிர் போய், வெதுவெதுப்பு வந்து, பிறகு வேர்வை வந்தது. அதன் பிறகே கழற்றினார். மறுநாளும் நின்றார்.

வாரக் கதை கொடுக்கும் நாள் நெருங்கியது. கதைப்படி முனைக்கு இன்னும் கொஞ்சம் வழிதான். அட்டையில் முனையைப் போடப்போவதாக இதழ் முன்கூட்டியே அறிவித்திருந்தது. இனி நாய் செத்தால் அவள் சத்தியம் பொய். நாய் பிழைத்தால் அவள் பனி பொய். இதற்கு நடுவில் பசை போட்டு ஒட்ட ஒன்றுமில்லை என்று அவருக்கே தெரிந்தது.

மறுபடி கசிவு. பாதியில் விட்ட நட்டு அல்லவா, அது சும்மா இருக்குமா? மறுபடி அடியில் படுத்திருந்தார். தொலைபேசியை மேடையில் வைத்து, ஒலியைப் பெரிதாக்கி, துணிக்கு நீர் தெளித்துக்கொண்டே அவள் பேசினாள். மறுமுனையில் இதழின் ஆசிரியரம்மா.

"கதை எழுதிட்டேம்மா. அத்தை திரும்பிட்டா."

"முனையைத் தொட்டுட்டுத்தானே?"

"இல்ல. இங்கிருந்தே."

"என்னம்மா சொல்றீங்க? அட்டைப்படம் வரைஞ்சாச்சு! முனையில கொடி, கொடிக்குக் கீழ நாய்!"

"கொடியை எடுத்துடுங்க. நாய் இருக்கட்டும்."

"விளையாடாதீங்கம்மா. வருஷம் பூரா முனை முனைன்னு இழுத்துட்டு வந்து, கைக்கெட்டின தூரத்துல திரும்பினா பிள்ளைங்க நம்மள அடிக்க வருவாங்க."

"நாயைத் தின்னுட்டுப் போனா மாலை போடுவாங்களா?"

"எந்த நாயை? யாரு தின்னா?"

அவள் சொன்னாள். முழுவதும் சொன்னாள். மறுமுனையில் "ஐயோ" என்று ஒரு குரல் வந்தது. அது ஆசிரியர் குரலாக இல்லை. எங்கோ ஒரு நாய் வளர்க்கும் பெண்ணின் குரலாக இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆசிரியராகத் திரும்பி வந்தது. "சரிம்மா, அது அங்க. நமக்கு எதுக்கு அந்தக் கண்றாவி? ஒரு நாலு மூட்டை மீனைக் கூடச் சேர்த்து எழுதிடுங்க. எங்கயோ புதைச்சு வெச்சிருந்தாங்கன்னு சொல்லுங்க. கதைதானே?"

"மூட்டையை முதல் வாரமே எண்ணி ஏத்தியாச்சும்மா. பிள்ளைங்க சுவத்துல ஒட்டி, ஒவ்வொண்ணா வண்ணம் அடிச்சிட்டிருக்கு. நேத்து நானும் எண்ணிப் பார்த்தேன். இங்க திரும்பினா, சுமை கொறைஞ்ச வண்டிக்கு மிச்ச மூட்டை வீடு வரைக்கும் சரியா வரும். இன்னும் ஒரு வாரம் முன்னால போனாக்கூட வராது."

"தொடர் நின்னாலும் நின்னுடும், சொல்லிட்டேன். மேல இருக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

இயந்திரத்தின் அடியிலிருந்து பார்த்தால் அவள் கால் மட்டும் தெரிந்தது. இந்தமுறை அது உறைந்து நிற்கவில்லை. பெருவிரல் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தது.

"கடைசிவரை படிச்சிட்டேம்மா. அவன் முனைக்குப் போனான். அங்க என்ன இருந்துச்சு தெரியுமா? 'இங்கும் பனிதான்'னு எழுதியிருக்கான். வேற ஒண்ணுமே இல்ல. முனை எங்கயும் ஓடிப் போகாது, அடுத்த வருஷமும் அங்கதான் இருக்கும். நாய் இருக்காது. நிக்கறதுன்னா நிக்கட்டும்மா. திரும்பி வர்ற கதை ஏழெட்டு வாரம் வரும். வேணும்னா போடுங்க. வேணாம்னா கடை மேடையில உட்கார வெச்சு நானே சொல்லிக்கறேன்."

ஆசிரியரம்மா ஒரு பெருமூச்சு விட்டார். "அட்டையில நாய் எந்தப் பக்கம் பார்க்கணும்?" என்றார் கடைசியில்.

"வீட்டுப் பக்கம்."

வீட்டுக்காரர் நட்டை முழுவதுமாக முடுக்கினார். கசிவு நின்றது. அடியிலிருந்து அவர் வெளியே வந்தபோது அவள் கடையில் இல்லை. துணி கொடுக்கப் போயிருந்தாள். மடிப்பக்கா மட்டும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையும் வெயிலில் கோட்டோடு மிதித்து வந்தார். சாப்பாட்டு டப்பாவும் சாவியுமாக வாசலில் நின்றார். உள்ளே இஸ்திரி மேசையில் காகிதம் படபடக்கும் சத்தம் கேட்டது. பேனா நின்றது. பிறகு கதவு திறந்தது.

அவர் பழக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி, ஜிப்பை ஒரு சாண் இறக்கினார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் இல்ல. திரும்பி நில்லுங்க."

அவர் தெருவைப் பார்த்துத் திரும்பினார். அவள் பின்னாலிருந்து காலரை விலக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முதுகில் வைத்தாள்.

"இனிமே காத்து முதுகுப் பக்கம்" என்றாள். "அசையாதீங்க."